ஊமை என்னும் உவமை

(அட்டன் நகரில் இலக்கிய அன்பர்கள் கூடிய மண்டபமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



காது கேளாதாரின் வாழ்வையும் அவர்தம் சைகை மொழியையும் கதை இலக்கியம் எவ்வாறு காட்டியிருக்கிறது என்பது பற்றிப் பேசுமாறு எம்மைப் பணித்திருக்கிறீர்கள். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், "சம்பளப் பிரச்சினை, காணிப் பிரச்சினை, வீட்டுப் பிரச்சினை என்று மலையாய்க் குவிந்து கிடக்கையில், இதைப் பேசுவதற்கா அட்டனுக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டார். அன்று நாம் விடை கூறவில்லை. இன்று கூறப் போகின்றோம். அதற்கு முன்னர் எமது குற்றமொன்றை இந்த அவையிலே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மலையக மக்களைப் பற்றி மேடையேறிப் பேசும் எவரும் கையாளுகின்ற சொல் ஒன்று உண்டு. "ஊமைச் சனங்கள்" என்பது அச்சொல். "வாயில்லாப் பூச்சிகள்" என்றும் சொல்வோம். நாமும் சொல்லியிருக்கின்றோம், ஒரு முறையா, இருமுறையா! பல ஆண்டுகளுக்கு முன்னர் தோட்டமொன்றிலே, கோயில் முன்றலில் நடந்த கூட்டத்தில், "இருநூறு ஆண்டுகளாக நாம் ஊமைகளாய் இருந்துவிட்டோம், இனியும் ஊமைகளாய் இருப்பதா?" என்று முழங்கினோம். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. கூட்டத்தின் ஓரத்திலே ஒரு தாய், பதினாறு பதினேழு வயது மதிக்கத்தக்க மகனை எதிரே இருத்திக்கொண்டு, நாம் பேசப் பேசக் கைகளால் அவனுக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தாள். ஊமை என்ற சொல் வந்ததும் அவளது கைகள் நின்றுவிட்டன.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மையாரே எம்மிடம் வந்தார். "ஐயா, நீங்க ஊமைன்னு சொன்னப்ப நான் இவனுக்கு என்னத்தக் காட்டுறது? எங்க லயத்துல ஊமைன்னா இவனத்தானே கைகாட்டுவாங்க!" என்றார். அவர் குரலிலே கோபம் இல்லை. வழி கேட்பவர் போலத்தான் கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை. அந்தப் பையன் எமது தோளில் கிடந்த சால்வையைச் சுட்டித் தன் தோளில் இரு விரல்களால் ஒரு கோடு இழுத்துக் காட்டினான். அதுவே அவன் எமக்கு இட்ட பெயர் என்று தாயார் விளக்கினார்.

அன்பர்களே! பத்து இலட்சம் மக்களின் குறையைச் சொல்ல நாம் எடுத்துக்கொண்ட உவமை, அந்த மக்களிடையே வாழும் ஒரு பையனின் முகத்தை மறைத்துவிட்டது. இன்று நாம் பேச வந்த பொருள் இதுதான்.

தமிழ் மொழி இந்த விடயத்திலே நல்ல பிள்ளையாய் இருந்ததென்று கூறுவதற்கில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்போம். ஊமை கண்ட கனவு என்போம். புறநானூற்றின் 28ஆம் பாட்டிலே உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மக்கட் பிறப்பில் பயனற்றவை என எட்டினைப் பட்டியலிடுகிறார். ஊமும் செவிடும் அதிலே அடக்கம். ஆனால் அதே தமிழிலேதான் வள்ளுவர் குறிப்பறிதல் என்னும் ஒரே தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் பாடினார். ஒன்று அரசவைக்கு, மற்றொன்று காதலர்க்கு. வாய் திறவாமலே பொருள் உணர்த்தலாம், உணரலாம் என்பதை அறிந்த மொழிதான் நம் மொழி. அந்த அறிவை அரசனுக்கும் காதலிக்கும் கொடுத்தோம். காது கேளாதவனுக்குக் கொடுக்க மறந்தோம்.

இன்னுமொரு குழப்பம் இருக்கிறது. ஊமை வேறு, செவிடு வேறு. பிறவியிலேயே காது கேளாத குழந்தை பேசாமல் இருப்பதற்குக் காரணம் நாவிலோ தொண்டையிலோ உள்ள குறை அன்று; பேச்சை ஒருபோதும் கேட்டிராமையே. கருவுற்ற தாய்க்கு ருபெல்லா அம்மை கண்டாலும், குழந்தைக்கு மூளைக்காய்ச்சல் வந்தாலும், காதிலே சீழ் வடிந்து நாட்பட்டாலும் கேள்விப்புலன் கெடக்கூடும். இவற்றுள் பல தடுக்கத்தக்கவை; ருபெல்லாத் தடுப்பூசி இலங்கையிலே 1996ஆம் ஆண்டு முதல் போடப்படுகிறது. இதையெல்லாம் அறியாத ஊரார் முற்பிறப்புப் பாவம் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வைத்தியர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். மிகுதியை நீங்கள் சொன்னாற்றான் பொருந்தும்.

இலக்கியமும் இக்குழப்பத்திலிருந்து தப்பவில்லை. மகாகவி தாகூர் 1893இல் எழுதிய 'சுபா' என்னும் சிறுகதையை உங்களிற் பலர் படித்திருப்பீர்கள். வாய் பேசாத கிராமத்துப் பெண். இரண்டு பசுக்களே அவளுக்குத் தோழிகள். பெற்றோர் உண்மையை மறைத்து அவளைக் கல்கத்தாவிலே மணம் முடித்துக் கொடுக்கிறார்கள். குறை தெரிந்ததும் கணவன் பேசத் தெரிந்த வேறொருத்தியை மணந்துகொள்கிறான். நெஞ்சை உருக்கும் கதை, மறுக்கவில்லை. ஆயினும் சுபாவுக்குக் காது கேட்கும். தன்னைப் பற்றி மற்றவர் பேசுவதை அவள் கேட்டே வருந்துகிறாள். அவளுக்கென்று கண்களின் மொழி ஒன்றைத் தாகூர் தந்தார். கைகளின் மொழியைத் தரவில்லை.

கைகளின் மொழியை எழுதியவர் உருசிய நாட்டுத் துர்கனேவ். இந்தக் கதையிலே சற்று நிற்க வேண்டும். ஏனெனில் இது தோட்டத்து மக்களாகிய உங்களுக்காகவே எழுதப்பட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

கோகோல் என்னும் எழுத்தாளர் மறைந்தபோது இரங்கலுரை எழுதிய குற்றத்துக்காக 1852இல் சார் அரசு துர்கனேவைக் காவலில் வைத்தது. அந்தக் காவலில் இருந்தபடி அவர் எழுதிய கதை 'முமு'. அச்சேறியது 1854இல். அக்காலத்து உருசியாவிலே பண்ணையடிமைகள் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டனர். கராசிம் என்பவன் அத்தகைய அடிமை, பேருருவம் படைத்தவன், நால்வர் வேலையை ஒருவனாகச் செய்பவன், காது கேளாதவன். கிராமத்து வயலிலிருந்து அவனைப் பிடுங்கி மாஸ்கோ நகருக்குக் கொண்டுவந்து வாயிற்காவலனாக்குகிறாள் கிழட்டு எசமானி. அவன் ஒரு சலவைப் பெண்ணை விரும்புகிறான். எசமானியோ அவளை ஒரு குடிகாரச் சக்கிலியனுக்கு மணம் முடிக்க நினைக்கிறாள். கராசிம் குடியை வெறுப்பவன் என்று அறிந்த கங்காணி – கதையில் அவன் பெயர் காவ்ரீலா, வேலை கங்காணி வேலைதான் – அந்தப் பெண்ணைக் குடித்தவள் போல் தள்ளாடி அவன் முன்னே நடக்கச் செய்கிறான். காரியம் முடிகிறது. பின்னர் ஆற்றங்கரைச் சேற்றிலிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்து வளர்க்கிறான் கராசிம். அவன் வாயிலிருந்து வரக்கூடிய ஒரே ஒலியாகிய முமு என்பதே அதற்குப் பெயர். அந்த நாயும் எசமானிக்கு ஆகவில்லை. அதைக் கொன்றுவிடு என்ற கட்டளையைக் கங்காணி கழுத்தைச் சுற்றிச் சுருக்கிடுவது போலச் சைகை காட்டித் தெரிவிக்கிறான். நானே செய்கிறேன் என்று கராசிமும் சைகையாலேயே விடையளிக்கிறான். தன் கையாலேயே அதை ஆற்றில் அமிழ்த்துகிறான். பிறகு எவரிடமும் விடை கேளாது இரவோடிரவாக நடந்து தன் கிராமத்துக்குத் திரும்பிவிடுகிறான்.

இக்கதையின் மூலமனிதர் துர்கனேவின் சொந்தத் தாயாரின் வீட்டிலேயே வாயிற்காவலராய் இருந்த அந்திரேய் என்பவர். எசமானி யாரென்று சொல்ல வேண்டுவதில்லை. உருசியாவில் பண்ணையடிமை முறை 1861இல் ஒழிக்கப்பட்டது.

தோழர்களே, அந்த வீட்டிலே கராசிமுடன் சைகையில் பேசத் தெரியாதவர் ஒருவருமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் என்ன தெரிந்திருந்தது? வா, போ, தூக்கு, வெட்டு, கொல்! வேலைக்கும் கட்டளைக்கும் வேண்டிய சைகைகள் அனைத்தும் இருந்தன. உன் மனதிலே என்ன இருக்கிறது என்று கேட்பதற்குரிய சைகையை யாரும் உண்டாக்கிக்கொள்ளவில்லை. துர்கனேவ் இதை விளக்கிச் சொல்லவில்லை. நடக்க விட்டுக் காட்டினார்.

நம் லயங்களை நினைத்துப் பாருங்கள். எதிர்ச்சரிவில் நிற்பவளுக்குக் குரல் எட்டாதபோது கையால் காட்டுகிறோம். கொழுந்துக்கும் கூடைக்கும் கவ்வாத்துக் கத்திக்கும் நிறுவைக்கும் அரைப்பேருக்கும் கைக்குறிகள் உண்டு. ஆகவே காது கேளாத ஒருத்தி மலைக்குப் போய்க் கொழுந்தெடுத்து வருவதில் பெரிய இடர் இல்லை. நிறுக்கும் இடத்திலேதான் அவள் கவனமாய் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இறாத்தல் கணக்கை உரத்துச் சொன்னால் போதும். அவள் தராசு முள்ளின்மேல் வைத்த கண்ணை எடுக்கக் கூடாது. கூடைக்கும் ஈரத்துக்கும் என்று கழிப்பது தொழிலாளரின் நெடுங்கால முறைப்பாடு அன்றோ! முறையிடுவதற்குரிய சைகை அவளிடம் இருக்கிறதா என்பதே எமது கேள்வி.

அமெரிக்காவில் கார்சன் மக்கல்லர்ஸ் என்னும் இளம் பெண் 1940இல் வெளியிட்ட 'இதயம் ஒரு தனித்த வேடன்' என்ற பொருள்படும் நாவலைப் பற்றியும் ஒரு சொல். பஞ்சாலை நகரமொன்றிலே சிங்கர் என்ற காது கேளாதவரிடம் ஊரே வந்து மனக்குறையைக் கொட்டுகிறது. அவர் உதட்டசைவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் தம் கைகளால் மனம்விட்டுப் பேசியது ஒரே ஒரு நண்பரிடம். அவர் இறந்ததும் இவரும் உயிரை மாய்த்துக்கொள்கிறார். எழுதிக்கொண்டிருந்த காலத்தில், காது கேளாதோர் மாநாடு ஒன்றுக்குப் போய்வரலாம் என்று கணவர் அழைத்தபோது, தம் மனத்திலே சிங்கர் ஏற்கெனவே உருவாகிவிட்டார் என்று அம்மையார் மறுத்துவிட்டாராம். பெரிய எழுத்தாளர்தாம், எனினும் போயிருக்கலாம் என்பது எமது எண்ணம். மாநாட்டுக்குப் போயிருந்தால், காது கேளாதார் ஒருவரையொருவர் கண்டால் எத்துணை வேகமாகவும் வேடிக்கையாகவும் பேசுவர் என்று கண்டிருப்பார். மாறாக, கேட்கும் மக்களின் தனிமைக்கு ஓர் உவமையாகச் சிங்கரை நிறுத்திவிட்டார். நாம் கோயில் முன்றலிலே செய்ததையே அவர் நாவலிலே செய்தார். அவர் செய்தது அழகாயிருக்கிறது, அவ்வளவே.

காது கேளாதாரே எழுதினால் எப்படியிருக்கும்? டக்ளஸ் புல்லார்ட் என்னும் காது கேளாத அமெரிக்கர் 1986இல் 'ஐலே' என்றொரு நாவல் எழுதினார். அதன் நாயகன் அழுது வடிபவனல்லன். ஒரு மாநிலத்திலே காது கேளாதாரையெல்லாம் குடியேற்றிப் பெரும்பான்மையாகி ஆட்சியையே பிடித்துவிடத் திட்டம் போடுகிறான்! நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அரசியல் பேசிப் பழகிய நமக்கு இது மிகவும் தெரிந்த ஆசைதான். இது வெறும் கற்பனையுமன்று; புளோர்னோய் என்பவர் 1850களிலேயே காது கேளாதாருக்கென்று தனி மாநிலம் வேண்டும் என்று பத்திரிகைகளில் வாதிட்டிருக்கிறார். அக்கோரிக்கை சரியா தவறா என்பதல்ல இங்கே பேச்சு. கோரிக்கை வைக்கும் மனிதராக அவர்கள் கதையிலே வருகிறார்கள்.

தமிழிலே 'கோஷிஷ்' என்ற இந்திப் படம் 1977இல் 'உயர்ந்தவர்கள்' ஆயிற்று. 2007இல் 'மொழி' வந்தது. திரைப்படம் முந்திக்கொண்டது. எழுத்து எங்கே? மலையகப் புனைகதைக்குக் குறைவில்லை. 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகச் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, 'தூரத்துப் பச்சை' தந்த கோகிலம் சுப்பையா, 'ஒரு கூடைக் கொழுந்து' தந்த என். எஸ். எம். ராமையா, 'நாமிருக்கும் நாடே' தந்த தெளிவத்தை ஜோசப் என்று எண்ணிக்கொண்டே போகலாம். லயத்தின் இருட்டையும் புகையையும் இவர்கள் எழுதியதைப் போல் எவர் எழுதினார்? ஆனால் நாம் படித்தவற்றுள், கைகளால் பேசும் ஒருவர் கதையின் நடுவே நின்றதாக எமது நினைவில் எதுவுமில்லை. குறை கூறுவதாக எண்ணற்க. இனி எழுத வருவோர்க்கு இடம் காலியாயிருக்கிறது என்கின்றோம்.

எழுத வருவோர் முதலிலே அறியவேண்டியது ஒன்றுண்டு. லயத்திலே ஒரு தாயும் மகனும் உண்டாக்கிக்கொள்ளும் சைகைகள் வீட்டுச் சைகைகள். அவை அந்த வீட்டோடும் அந்த லயத்தோடும் நின்றுவிடும். காது கேளாதார் பலர் ஓரிடத்திற் கூடும்போதுதான் அது இலக்கணம் உடைய முழு மொழியாக வளர்கிறது. இது ஊகமன்று. நிக்கராகுவா நாட்டிலே 1970களின் இறுதியில், அதுவரை தனித்தனி வீடுகளில் கிடந்த காது கேளாத பிள்ளைகள் பள்ளியிலே ஒன்றுசேர்ந்தனர். ஆசிரியர் கற்பியாமலே, தம்முள் பேசிப் பேசிப் புதிய மொழியொன்றை உண்டாக்கிவிட்டனர். இளைய பிள்ளைகள் வர வர அதன் இலக்கணம் செறிந்தது. சைகை மொழிக்கும் பேச்சு மொழியைப் போலவே உள்ளமைப்பு உண்டென்பதை ஸ்டோக்கோ என்னும் அமெரிக்க அறிஞர் 1960இலேயே எடுத்துக்காட்டினார். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சாசனம், மொழி என்றால் பேசும் மொழியும் சைகை மொழியும் என்றே வரையறுத்தது. இலங்கை அதை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. மொழியுரிமைக்காக இத்தனை காலம் போராடிய இனம் நாம். இந்த வரியை நாமே முதலில் படித்திருக்க வேண்டும்.

அமெரிக்கக் கரையோரம் மார்த்தாஸ் வைன்யார்ட் என்றொரு தீவு. கமக்காரரும் மீனவரும் வாழ்ந்த இடம். பரம்பரைக் காரணத்தால் அங்கே காது கேளாதோர் மிகுதி. அதனாலே கேட்பவர்களும் சிறு வயதிலேயே சைகை மொழி பழகினர். கடலிலே படகுக்குப் படகு, வயலிலே வேலிக்கு வேலி சைகையால் பேசிக்கொண்டனர். அந்த மரபின் கடைசிக் காது கேளாதவர் 1952இல் மறைந்தார். பின்னர் ஆராய்ச்சியாளர் ஒருவர் சென்று கிழவர்களிடம் விசாரித்தபோது, இன்னார் காது கேளாதவர் என்பதையே அவர்கள் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்ததாம். நல்ல மீனவர், நல்ல கமக்காரர் என்றே நினைவு வைத்திருந்தனர்.

நம் நாட்டிலே மேரி சப்மன் என்னும் மிஷனரி அம்மையார் 1912இல் காது கேளாதோர்க்கும் கண் பார்வையற்றோர்க்குமான பள்ளியைத் தொடங்கினார். இன்று அது இரத்மலானையில் உள்ளது. தமிழ்ப் பிள்ளைகளுக்கென யாழ்ப்பாணம் கைதடியிலே நபீல்ட் பள்ளி 1956இல் எழுந்தது. இரண்டும் அரும்பணி செய்தவை. ஆயினும் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அட்டனிலிருந்து கைதடிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கும் மேல். போர்க்காலத்திலே அவ்வீதி ஆண்டுக்கணக்காக மூடிக் கிடந்தது. மறுபுறம், சிங்கள மொழியில் கற்பிக்கும் பள்ளிக்கு அனுப்பினால், பிள்ளை சிங்கள எழுத்தோடு திரும்பி வருவான், தாய்க்குத் தமிழ் எழுத்துத்தான் தெரியும், அதுவும் தெரிந்தால். நாட்கூலி வாங்கும் தாய் எதைத் தேர்வாள்? பெரும்பாலும் பிள்ளையைத் தன்னோடு மலைக்குக் கூட்டிப்போவாள்.

எமக்குக் கதை எழுத வராது. ஆயினும் எழுதப்படாத கதையொன்று நெடுநாளாக மனத்திலே கிடக்கிறது, கேட்டு வையுங்கள். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் நம்மவர் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று வைத்தார்கள். 1974இல் அவர்களையும் பாதி பாதியாக்கினார்கள். ஒரு லயம், பத்து வீடுகள். அதிலே காது கேளாத ஒருத்தி. அவளது கைகள் சொல்வதை முழுதாக அறிந்தவர் உலகத்திலே பன்னிரண்டு பேர். எல்லோரும் அந்த லயத்தினரே. தாய், அத்தை, அத்தையின் மக்கள், பக்கத்துக் காம்பராவிலே கூட வளர்ந்த தோழி. விண்ணப்பத் தாள் வருகிறது. அவளுக்காக யாரோ விடை எழுதுகிறார்கள். அத்தை வீடு இந்தியாவுக்கு. தோழி வீடும் இந்தியாவுக்கு. தாயும் இவளும் இங்கே. அட்டன் புகையிரத நிலையத்திலே கட்டிப் பிடித்து அழுகிறார்கள். மற்றவர்களுக்கு உறவு பிரிந்தது. பன்னிரண்டு பேர் பேசிய மொழியிலே ஏழு பேர் அந்த வண்டியில் ஏறித் தலைமன்னாருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் நீலகிரித் தேயிலைக் காட்டிலே குடியேறினார்கள் என்று வையுங்கள். கடிதம் வரும், அவளுக்குப் படிக்கத் தெரியாது. இங்கே தாயும் ஒரு நாள் கண்ணை மூடுவாள். எஞ்சிய நால்வரும் முதியவர்கள். அதன் பின் அவள் யாரிடம் பேசுவாள்?

ஒப்பந்தத்தைப் பற்றி ஆயிரம் மேடைகளிலே பேசியிருக்கின்றோம். கணக்கைச் சொன்னோம், கண்ணீரைச் சொன்னோம். இந்தப் பிரிவினையைச் சொன்னதில்லை. சம்பளமும் காணியும் கிடக்க இதுவா பேச்சு என்று கேட்ட நண்பருக்கு எமது விடை இதுதான்.

இந்தக் கதையை எழுத முன்வரும் இளைஞருக்கு ஒரு வேண்டுகோள். அவள் கைகளை "ஏதோ சைகை காட்டினாள்" என்று ஒரு வரியிலே தள்ளிவிடாதீர்கள். என்ன காட்டினாள், எந்த விரலால், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு, கேட்டவர் எப்படிப் புரிந்துகொண்டார், எதைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று எழுதுங்கள். அவள் பொய் சொல்லட்டும், ஏசட்டும், பகிடி பண்ணட்டும். பெரியகங்காணிக்கு அவள் வைத்த பட்டப்பெயர் என்ன? அதை எழுதினால் லயம் முழுவதும் வாங்கிப் படிக்கும். எழுதியதை ஒரு காது கேளாதவரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

மண்டபத்து வாயிலிலே மேசையொன்றில் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம். உங்கள் தோட்டத்திலே, உங்கள் ஊரிலே, காது கேளாத பிள்ளை எவரேனும் இருந்தால், பெயர் வேண்டாம். தோட்டம், வயது, பள்ளிக்குப் போகிறதா இல்லையா என்பவற்றை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயிலில் நிற்கும் ஆசிரியை அம்மையாரிடம் சொல்லுங்கள், எழுதிக்கொள்வார். கடைசி பஸ் ஏழரைக்கு. பொகவந்தலாவைப் பக்கம் போகிறவர்கள் முதலிலே எழுந்து செல்லலாம்.